மலைப் பயணச் செலவு

டிராவல்ஸ் ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்ததிலிருந்தே மனைவியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கணவர் செலவுப் பட்டியலை மேஜைமேல் வைத்தார்.

"வெளிநாடு, அதுவும் பதினாறாயிரம் அடி உயரம். இந்த வயசுல பயமா இருக்கும்தான் ஆன்ட்டி," என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். "கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம். சார், செலவைக் கொஞ்சம் குறைக்கலாமா?"

அவர் தலையசைத்தார்.

"ஜாக்கெட்டை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாம். ஹோட்டலை மாத்திடலாம். ஆக்சிஜன்ல மட்டும் கை வைக்க வேண்டாம்." பட்டியலில் பேனாவால் மடமடவென்று அடித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள். "கொண்டுபோறது ரெண்டே பை. அதைத் தூக்க நாலு போர்ட்டரா? ஒருத்தர் போதுமே!"

"ஏறும்போது ஒருத்தர் போதும்மா. இறங்கும்போது நாலு பேர் வேணும்."

"அப்படி என்னத்த வாங்கிட்டு வரப் போறீங்க?" என்று சிரித்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வருஷம் முன்னாடி மலையேறப் போன எங்க பையன் திரும்பி வரலை. இப்ப பனி உருகினதுல ஒரு உடம்பு தெரியுதாம். வந்து அடையாளம் காட்டச் சொல்றாங்க."

பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. "மன்னிச்சிடுங்க ஆன்ட்டி..." என்று பேனாவை மூடி வைத்தாள்.

மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"மலையை நினைச்சு எனக்குப் பயமில்லைம்மா. அவன் எங்கேயோ உயிரோட இருக்கான்னு இத்தனை நாளா எல்லார்கிட்டேயும் சொல்லிட்டிருக்கேன். போய் முகத்தைப் பாத்துட்டா, அப்புறம் எப்படிச் சொல்லுவேன்?"