எருமை வாங்கிய சிவப்பு கார்

சடையன் என்ற எருமையை எல்லோரும் மந்தம் என்று கேலி செய்ததில் அதற்கு ரோஷம் வந்துவிட்டது. நேராகப் பழைய கார் விற்கும் கீரியிடம் போய், ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அதிகம் ஓடாத வண்டி அண்ணே, புதுசு மாதிரி இருக்கும்" என்றது கீரி. "முன்னாடி வச்சிருந்த மயில் இதைத் துடைச்சுக்கிட்டே இருக்கும். ஓட்ட நேரமே இல்ல."

"சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா விட்டிருக்கா?"

கீரி தொண்டையைச் செருமியது. "ஞாபகம் வந்தப்பல்லாம் விட்டிருக்குங்க."

சடையனுக்குச் சந்தேகம் தட்டியது. காரிடமே கேட்டது. "நீயே சொல்லும்மா, உனக்கு ஏதாவது கோளாறு உண்டா?"

"நான் கிளம்பவே மாட்டேன்" என்றது கார். "ஒரே ஒரு தடவை கிளம்பினேன். அப்புறம் நிக்க மாட்டேன்னுட்டேன். மயில் பயந்து என்னை மூலையில போட்டுடுச்சு."

"எவ்வளவு அடக்கமா பேசுது பாருங்க!" என்று கீரி அவசரமாகக் கதவைத் திறந்துவிட்டது.

உள்ளே கறுப்பு சீட் பளபளத்தது. சடையன் இரண்டடி பின்வாங்கியது.

"இது என்ன தோல்?"

"ஐயோ, ரெக்சின் அண்ணே! சத்தியமா ரெக்சின்!"

சடையனுக்கு உயிர் வந்தது. இவ்வளவு நேர்மையான வியாபாரி வேறெங்கே கிடைப்பான் என்று அப்போதே வண்டியை வாங்கிவிட்டது.

கார் சொன்னபடியே கிளம்பவில்லை. சடையன் அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது, எதிரே வந்த முயல் திகைத்து நின்றது.

"என்னண்ணே, காரை நீங்க இழுத்துக்கிட்டுப் போறீங்க?"

சடையன் பெருமையாகத் தலையைத் தூக்கியது.

"புதுசா வாங்கினதுப்பா. கொஞ்ச நாளைக்கு மெதுவாத்தான் ஓட்டணும்."