ஏழடிக் கம்பு விசாரணை

"கையை ஆட்டாதே. மூச்சை இழுத்துப் பிடிக்காதே. ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு மட்டும் சொல்லு. கதை வேண்டாம்."

ராய்ஸ் ஹேட்மேக்கர் சரியென்று தலையாட்டப் போனான். அதுவும் கூடாதோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நெஞ்சைச் சுற்றி ரப்பர் குழாய். புஜத்தில் இறுக்கமான பட்டை. இரண்டு விரல்களில் கவ்வி.

மிதக்கும் படகுத்துறையின் பின்னறை அது. வெளியே ஒலிபெருக்கி அவன் பெயரை மறுபடியும் கூவியது. கரையில் டென்னஸியின் பாதித் தூண்டில்காரர்கள் காத்து நின்றார்கள். அவர்கள் நடுவே, சிவப்பாக, உறைகூடக் கிழிக்காமல், முதல் பரிசுப் படகு.

ராய்ஸின் பழைய படகில் தண்ணீர் இறைக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். இந்தப் படகு அவனுக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

மீன்பிடிப் பந்தயத்தில் ஜெயித்தவன் பொய் பிடிக்கும் மெஷினில் உட்கார்ந்து எழுந்தால்தான் சாவி. பாஸ் மீன் பிடிக்கிறவன் வாய்ச்சொல்லைப் பெற்ற தாயே நம்பமாட்டாள் என்பது பந்தயம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

மெஷினுக்குப் பின்னால் டெல்பர்ட் கேகிள். ஷெரீஃப் ஆபீசில் இருந்தவரை கொலைகாரர்களை அழவைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு தூண்டில்காரர்களை.

"எல்லா மீனும் நீயே பிடிச்சதா?"

"ஆமா."

"பந்தய நேரத்துக்குள்ளயா?"

"ஆமா."

"எடை கூட்ட மீன் வயித்துல ஈயம் கீயம் திணிச்சியா?"

"இல்லை."

"உயிருள்ள இரை ஏதாவது?"

"இல்லை சார், விரல் நீளத்துக்கு ரப்பர் மீன்தான், வால் மட்டும் இப்படி இப்படி..."

"கதை வேண்டாம்னேன்."

"இல்லை."

திரையில் கோடுகள் சாதுவாக ஓடின. ராய்ஸ் எழப் பார்த்தான்.

"உட்காரு தம்பி."

கேகிள் போய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் குட்டி ரப்பர் மீனை எந்தத் தூண்டில் கம்புல வீசின? ஏழடிக் கம்பா?"

ராய்ஸ் தாழிட்ட கதவைப் பார்த்தான். போட்டுக் கொடுத்தது யார்?

"ஆ... ஆமா."

"நுனி வளையுமா?"

"ஆமா."

"அடிப்பக்கம் விறைப்பா நிக்குமா?"

"ஆமா."

"சட்டை முதுகுல கிரே ஹெரான்னு கம்பெனி பேர் போட்டிருக்கே. அவங்க கம்புதானே?"

சட்டை அவர்கள் கொடுத்தது. தொப்பி அவர்கள் கொடுத்தது. பந்தயத்துக்குக் கட்டிய நுழைவுப் பணமும் அவர்களுடையது.

"ஆமா" என்றான் ராய்ஸ்.

அத்தனை கோடுகளும் ஒன்றாகத் துள்ளின.

கேகிள் திரையைப் பார்த்தார். ராய்ஸைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார். கொலைகாரர்கள் அழுதது இந்தக் கட்டத்தில்தான் போலிருக்கிறது.

ராய்ஸ் உடைந்தான்.

"அவங்க குடுத்தது கம்பே இல்லை சார், விளக்குமாத்துக் கட்டை! பெரிய இரைக்குப் பண்ணினது. இத்துனூண்டு ரப்பர் மீனை அதுல வீசினா என் கால்கிட்டயே விழுது. தப்பித்தவறி மீன் கடிச்சாலும் கம்பு வளையமாட்டேங்குது, முள் வாயைக் கிழிச்சுக்கிட்டு வந்துடுது."

"அப்ப எதுல பிடிச்ச?"

"சூப்பர் மார்க்கெட்டுல வாங்கினது. நாய் பிஸ்கட் அடுக்குக்குப் பக்கத்துல தொங்கிட்டிருந்துச்சு. மேல கிரே ஹெரான் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டேன்."

"மீன் கடிச்சதும் வெடுக்குனு இழுப்பியா?"

"கூடவே கூடாது சார். முள்ளு சன்னம். சும்மா ரீலைச் சுத்திக்கிட்டே இருந்தா கம்பே வளைஞ்சு கொடுத்து முள்ளை ஏத்திடும்."

கேகிளின் குரல் இன்னும் இறங்கியது. "கம்போட விறைப்பு மீடியமா, மீடியம் லைட்டா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மீடியம் லைட்."

கோடு அசையவில்லை. நெடுநாள் துப்புத் துலங்காத வழக்கு முடிந்தவரைப் போல கேகிள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"படகு போச்சா சார்?" என்றான் ராய்ஸ்.

"படகா? அது உயிர் இரைக் கேள்வியோடயே உன்னுது ஆயிடுச்சே." கேகிள் மளமளவென்று கவ்விகளைக் கழற்றினார். குழாயை உருவினார். பட்டையைப் பிய்த்தார்.

"அப்ப இந்த விசாரணை?"

கேகிள் கடிகாரத்தைப் பார்த்தபடி தொப்பியை மாட்டினார். "கடையை மூடிடுவான்பா. இந்த ரப்பர் மீனுக்குன்னு ஒரு கம்பு வாங்க மாசக்கணக்கா அலையறேன். எவனைக் கேட்டாலும் அவனவன் சட்டையில இருக்கிற பேரைத்தான் சொல்றான். உங்க கூட்டம் நிஜம் பேசற ஒரே இடம் இந்த நாற்காலிதான். கவலைப்படாதே, ஸ்டிக்கர் விஷயம் இந்த அறையைத் தாண்டாது."

படகுச் சாவியை ராய்ஸின் மடியில் போட்டுவிட்டு ஓடினார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"முக்கியமானதை மறந்துட்டேனே! எந்த இடத்துல பிடிச்ச?"

ராய்ஸ் சாவியை இறுகப் பொத்திக்கொண்டான்.

"மேற்குக் கரை, பாலத்துக்கு அடியில" என்றான், கண் இமைக்காமல். "தூணை ஒட்டி வீசுங்க சார். அள்ளிடலாம்."

"நல்லா இரு தம்பி!"

கேகிளின் பூட்ஸ் சத்தம் பலகைகள் மேல் தடதடத்து ஓய்ந்தது.

பாலத்துப் பக்கம் ராய்ஸ் அன்று போகவே இல்லை. ஜெயித்த ஐந்து மீனும் கடித்தது இந்த மிதக்கும் பின்னறைக்கு நேர் கீழே.