கழற்றிய செயின்

அம்பத்தூர் ஏரிக்கரையில் இளவெயில். சைக்கிள் கம்பெனியில் சக்கரம் கோக்கும் திருநெல்வேலிக்கார ராயப்பனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரியும் என்று சொல்லி, புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிவிட்டான். திங்கட்கிழமை சேர வேண்டும். தினமும் விடியலில் வாடகைச் சைக்கிளில் பழகுகிறான்: முதலில் குரங்குப் பெடல், அப்புறம் பார் கம்பி, இன்று சீட்டு. பின்னால் மணிச் சத்தம். கூட வேலை செய்யும் கோவிந்தன் சைக்கிளில் வருகிறான். ராயப்பன் குதித்து இறங்கி, நன்றாக இருக்கும் செயினைத் தானே கழற்றிவிட்டுக் குந்துகிறான். காது சுடுகிறது. "இன்னா மச்சான், செயின் கயண்டுகிச்சா?" கோவிந்தன் நொடியில் மாட்டிவிடுகிறான். "ஏறு, பேசிகினே போலாம்." "நீங்க போங்க அண்ணாச்சி, நான் வாரேன்." "ஏன், சைக்கிள வெச்சுகினு நடக்கப் போறியா?" சிரித்தபடி திரும்பும் கோவிந்தனின் கண் ராயப்பனின் முழங்கால் சிராய்ப்புகளில் வந்து நிற்கிறது. சிரிப்பு அடங்குகிறது. ராயப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை அவசரமாக இறக்கிவிடுகிறான். வெள்ளை வேட்டியில் ஐந்து விரலும் கிரீஸாகப் பதிகின்றன.