எட்டரை மணி மழை

போதகர் பிரசங்கத்தைத் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்து டெய்லர் எழுந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்தார்.

"கிளம்பியாச்சு பாருங்க!" பாடகர் குழுவில் ஒருத்தி பக்கத்திலிருந்தவள் காதைக் கடித்தாள்.

ஒரு ஞாயிறா, இரண்டு ஞாயிறா? நாலு வருஷமாக இதே கூத்து. பாட்டுக்கு இருப்பார், ஜெபத்துக்கு இருப்பார். பிரசங்கம் என்றால் மட்டும் காலில் சக்கரம் முளைத்துவிடும். கால் மணி நேரம் கழித்துப் பூனை மாதிரி வந்து உட்காருவார்.

இரண்டு வருஷம் முன்பு இந்த ஊருக்கு வந்த சபைச் செயலாளருக்குப் பொறுக்கவில்லை. டெய்லர் இனிமேல் ஆராதனையில் வேதம் வாசிக்கக் கூடாது என்று கமிட்டிக்குக் கடிதமே எழுதிவிட்டார். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று குடையோடு பின்னாலேயே போனார். இரண்டு நாளாக விடாத மழை.

டீக்கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தால், டெய்லர் ஆலயத்தின் பின்பக்கம் திரும்பினார்.

வேலியோரம் ஒரு தகர உருளை. டெய்லர் தொப்பலாக நனைந்தபடி அதற்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொட்டினார். மறுபடி ஊற்றினார். இப்படி ஏழு தடவை.

"என்ன பண்றீங்க இங்க?"

"மழை அளக்கறேன் சார். ஒரு நிமிஷம்."

முதல் போன் வானிலை ஆபீசுக்கு. "நூத்தி நாப்பது மில்லிமீட்டர் சார். மேல மலையிலயும் அப்படித்தானா? சரி, சரி."

அடுத்தது ஆற்றோரத் தெருவுக்கு. "அக்கா, நேத்தைவிட மூணு மடங்கு பேஞ்சிருக்கு. குழந்தைங்க, வயசானவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு சபை ஹாலுக்கு வந்துடுங்க. துணியெல்லாம் மடிச்சு வெக்காதீங்க, இப்பவே!"

செயலாளர் விடவில்லை. "ஆராதனை முடிஞ்சு அளந்தா மழை கோவிச்சுக்குமா?"

"எல்லா இடத்துலயும் எட்டரைக்குத்தான் அளக்கறாங்க சார். ஒரே நேரத்துல அளந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு, ஆறு எப்ப ஏறும்னு சொல்ல முடியும்."

"இதைச் சபையில சொல்லியிருக்கலாமே?"

டெய்லர் சிரித்தார். "சொன்னா, பிரசங்கத்தப்போ பாதிச் சபை மழை அளக்க வந்துடும் சார்."

மதியத்துக்குள் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் புகுந்தது. வீடுகளில் ஒரு ஆள்கூட இல்லை. எல்லோரும் சபை ஹாலில் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

செயலாளருக்கு மனசு பாதிதான் இளகியது. போதகர் அறைக்குப் போனார்.

"நல்ல காரியம்தான் ஐயா. ஆனா கர்த்தருடைய வார்த்தையை விட்டுட்டு எழுந்து போறது..."

"மழை அளக்கறது அவர் வேலையே இல்ல சார். என் வேலை." போதகர் குரல் இறங்கியது. "படைச்சவரைப் பத்தி நாள் பூரா பேசறவன், அவர் அனுப்பற மழையையும் கொஞ்சம் கவனிக்கணும்னு நான்தான் அந்த மழைமானியைக் கேட்டு வாங்கி வெச்சேன். தினமும் அளப்பேன். ஞாயித்துக்கிழமை மட்டும், ஆராதனை முடியட்டும்னு விட்டுடுவேன்."

"அதனால என்ன ஐயா?"

"நாலு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு ஞாயிறு. நான் பிரசங்கத்துல இருந்தேன். முடிச்சுட்டு வெளிய வர்றதுக்குள்ள ஆறு வந்துடுச்சு. ஜனங்க உயிரோட தப்பிச்சதே கர்த்தர் கிருபை."

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மறுநாள் டெய்லர் வந்தார். 'ஞாயித்துக்கிழமை மட்டும் அதை எங்கிட்ட விட்டுடுங்க ஐயா. நீங்க அன்னைக்கு அளக்காம விட்டது யாருக்கும் தெரிய வேண்டாம். உங்க பேர் கெட்டா, நாளைக்கு நீங்க நல்லது சொன்னாலும் யார் காதுலயும் ஏறாது'ன்னார். எல்லாரும் அவரைப் பேசினப்போ நானும் வாயை மூடிட்டிருந்தேன். வர்ற ஞாயிறு இதைத்தான் பிரசங்கமா சொல்லப்போறேன்."

"அவருக்கென்ன ஐயா, பெருந்தன்மையாப் பேசலாம். வீடு வாசல் போனவங்க கிட்ட கேட்டா தெரியும்..."

"அன்னைக்கு இடிஞ்சு போனது ஒரே ஒரு வீடுதான் சார்," என்றார் போதகர். "டெய்லரோடது."