போய்ச் சேராத மெயில்

"அனுப்பாத மெயிலை அனுப்பினேன்னு சாதிக்கறியே, வெக்கமா இல்ல?" என்றார் முதலாளி.

மூக்குக்கண்ணாடி போட்ட விற்பனைப் பிரிவுப் பெண்ணுக்கு அவர் வைத்திருந்த பெயர் கண்ணாடி. ஐந்து பேர் மட்டுமே உட்காரும் அந்த ஆபீஸில் அவளுடைய சொந்தப் பெயரை அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"சத்தியமா அனுப்பினேன் சார். முதல்ல திரும்பி வந்துடுச்சு. மறுபடி அனுப்பினேன், போச்சு. ஆனா அவங்க கைக்குக் கிடைக்கலையாம்."

"ஏன், வழியில நாய் துரத்திடுச்சா?"

ஷட்டர் கதவுகளுக்கான விலை விவரம் சாயங்காலத்துக்குள் மெயிலில் வராவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வதாக, ஆர்டர் தரவிருந்த கிடங்குக்காரர் சொல்லிவிட்டார். ஆர்டர் கைவிட்டுப் போனால் கண்ணாடியும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கம்பெனியின் மெயிலைக் கவனித்துக்கொள்பவன் அவருடைய மச்சினன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, ஏதாவது தெரியுதா? இல்ல, உங்கக்காவுக்குப் போன் போட்டு, தம்பியைத் திருப்பி எடுத்துக்கோன்னு சொல்லட்டுமா?"

"நம்ம கம்பெனி மெயில் டொமைன் செட்டிங் எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. ஆனா ஒரு நாளைக்கு நாம அனுப்பற மெயிலுக்கு இருந்த அளவை மெயில் சர்வீஸ்காரங்க குறைச்சுட்டாங்க. அதுக்கு மேல போனா திரும்பி வருது. திரும்பாம போறதும் ஸ்பாம் பெட்டியில போய் விழுது."

"எதுக்குக் குறைச்சான்?"

"நம்ம டொமைன்லேருந்து வர்றது குப்பை மெயில்னு யாரோ விடாம புகார் குடுத்துட்டே இருக்காங்க. நம்ம பேரே கெட்டுப்போச்சு."

"பாத்தியா! இவ எழுதற லட்சணம் அப்படி. குப்பையைக் குப்பைன்னுதானே சொல்லுவான்?"

கண்ணாடி இழுப்பறையைத் திறந்து, குடையையும் டிபன் டப்பாவையும் பையில் வைக்கத் தொடங்கினாள்.

முதலாளியின் போன் கிணுகிணுத்தது. பட்டறை வெல்டர், மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்க லீவு கேட்டு எழுதியிருந்தார். லீவு வேண்டுமானால் கம்பெனி மெயிலிலிருந்து முதலாளியின் சொந்த மெயிலுக்கு எழுத வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

"இவனுங்க பொண்டாட்டிகளுக்கு மட்டும் எங்கேருந்துதான் வியாதி வருதோ!"

பதில் போடுவது அவர் வழக்கமில்லை. அழிக்கலாமென்றால், 'நிச்சயமாகவா?' என்று போன் அவரையே திருப்பிக் கேட்கும். கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது. அதனால் அதற்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டிருந்த பட்டனைத் தட்டினார். கேள்வியே இல்லாமல் மெயில் மறைந்தது.

"கொஞ்சம் இருங்கக்கா, கிளம்பாதீங்க" என்றான் மச்சினன். "இப்பத்தான் புதுசா ஒரு புகார் வந்து விழுது."

"எவன்டா அவன்?" முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போட்டிக் கம்பெனிக்காரனாத்தான் இருப்பான். யாருன்னு பாரு. அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

மச்சினன் திரையைப் பார்த்தான். பழைய புகார்களையும் திறந்து பார்த்தான். எல்லாம் ஒரே ஆள் கொடுத்தவை. மாமாவை ஒருதரம் பார்த்துவிட்டு, மறுபடி முதல் புகாரிலிருந்து பார்க்கத் தொடங்கினான்.

"படிக்கக்கூடத் துப்பில்லையா? நகரு. ஏய் கண்ணாடி, உனக்குத்தான் நாலு கண்ணு இருக்கே, நீ வந்து படி. எந்த அயோக்கியன் அவன்?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். குனிந்து, நிதானமாகப் படித்தாள்.

"உங்க மெயில் விலாசம்தான் சார்."