தடுப்புச்சுவர் வந்த பிறகு

பைபாஸ் சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் அமுதவல்லி புருஷனிடம் அடி வாங்காத வாரம் கிடையாது. வீங்கிய முகத்தோடு அவள் குழாயடிக்குப் போனால், "லாரி இரைச்சல்ல ஒண்ணுமே காதுல விழலடி, தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்போமே" என்பாள் பக்கத்து வீட்டு கோமதி. அமுதவல்லியும் நம்பினாள்.

இரைச்சலைத் தடுக்க இந்த மாதம் சாலையோரம் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். எதிர்வீட்டில் கடுகு தாளிப்பதுகூடக் கேட்கும்படி தெரு அடங்கிப்போனது.

ஒரு நாள் சாயங்காலம் புருஷன் தவமணி அவள் தலைமயிரைப் பிடித்துக் கதவில் மோதினான். "கோமதியக்கா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் கூடியது.

அடியைவிட அதுதான் அவளுக்கு எரிந்தது. அவனைத் தள்ளிவிட்டுப் போய் கோமதி வீட்டு டிவி வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"நான் கத்துனது கேட்டுச்சா இல்லையாக்கா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கோமதி தலை நிமிரவில்லை. அவள் கணவன், "குடும்ப விஷயத்துல நாங்க எப்படிம்மா..." என்று இழுத்தான்.

வாசலில் தவமணி வந்து நின்றான். "வெளிய வாடி."

அமுதவல்லி அந்த வீட்டு நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ உள்ள வாய்யா. இங்க வெச்சு அடி. அக்கா பாக்கட்டும்."