கடைசித் தாழி

"மேடம், நீங்க மண்ணை இப்படித் தடவிக் கொடுத்துக்கிட்டே இருந்தா, என் ரோடு எப்பத்தான் நகரும்?"

பள்ளத்தின் விளிம்பில் நின்று கேட்டார் சாலை என்ஜினீயர். அவருக்குப் பின்னால் புல்டோசர் உறுமிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னவரே அவர்தான்.

பள்ளத்துக்குள் மண்டியிட்டிருந்த அகழாய்வாளர் தலையை நிமிர்த்தவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு அனுமதி இருக்கு சார். அதுவரைக்கும் உங்க வண்டியைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க. அது உறுமுறப்பெல்லாம் இங்க தாழி விரிசல் விடுது."

அந்த மேடு முழுக்க ஆதி மனிதர்களின் இடுகாடு. செத்தவர்களை எரித்து, எலும்புகளைத் தாழியில் போட்டுப் புதைத்திருந்தார்கள். கால்வாசிதான் தோண்டியாகியிருந்தது. மீதிக்கு அவகாசம் கேட்டு அவள் ஏறாத படி இல்லை. யாரும் அசைந்து கொடுக்கவில்லை.

என்ஜினீயரின் போன் அடித்தது. தலைமைப் பொறியாளர்.

"என்னய்யா, மேடு போச்சா?"

"இன்னைக்குப் போயிடும் சார்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. இன்னைக்குத் தள்ளலைன்னா நாளைக்கு உன் நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்ஜினீயர் பள்ளத்துக்குள் இறங்கினார். சண்டை போடத்தான் இறங்கினார். அதற்குள் அவள் ஒரு தாழியை அவர் பக்கம் லேசாகச் சாய்த்துக் காட்டினாள்.

"பாருங்க, ஒரு அம்மாவும் குழந்தையும். சாம்பல் ஆறினப்புறம் உக்காந்து ஒவ்வொரு எலும்பாப் பொறுக்கியிருக்காங்க. குழந்தையோட விரல் எலும்பு, அரிசி மாதிரி இருக்கு, அதைக்கூட விடலை. அவசரம் இருக்கிறவங்க இப்படிப் பொறுக்க மாட்டாங்க சார்."

என்ஜினீயர் தாழிக்குள் எட்டிப் பார்த்தார். வீட்டில் அவருக்கும் ஒரு கைக்குழந்தை. ஆனால் நாற்காலி ஞாபகம் வந்ததும் குரலை இறுக்கிக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா மேடம்? மேலிருந்து என் கழுத்துல கத்தி வெச்சிருக்காங்க. இன்னும் எத்தனை பாக்கி?"

"இந்தப் பள்ளத்துல, அந்த மூலையில ஒண்ணே ஒண்ணு. அதை மட்டும் எடுத்துக்கிறேன். அப்புறம் மேடு உங்களுக்கு."

மூலைக்குப் போனவள் சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டத் தொடங்கினாள். இதுவரை நிதானமாக ஓடிய கை இப்போது நின்று நின்று நகர்ந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். தாழியின் வாய் தெரிந்தது. உள்ளே கையை விட்டவள் அப்படியே உறைந்துபோனாள்.

"என்ன மேடம்?"

பதிலுக்கு உள்ளங்கையை நீட்டினாள். எரிந்து வெளுத்த எலும்புத் துண்டுகள். அவற்றுக்கு நடுவே, கருத்துப்போன ஒரு ஸ்டீல் பிளேட்டும் இரண்டு ஸ்க்ரூவும்.

"உடைஞ்ச எலும்பைச் சேர்த்து வைக்க ஆஸ்பத்திரியில போடுறது" என்றாள் மெல்ல. "ஆதி மனுஷனுக்கு ஏது சார் ஆபரேஷன்? மேல் மண்ணும் யாரோ கிளறி மூடின மண். இது நம்ம காலத்து ஆள். போலீஸைக் கூப்பிடுங்க."

என்ஜினீயர் டிரைவர் பக்கம் திரும்பினார். "வண்டியை நிறுத்துய்யா!" என்று கத்தினார். உறுமல் அடங்கியதும் மேடே மூச்சை அடக்கிக்கொண்டது போல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். குனிந்து பார்த்தார். பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கம்பெனி நம்பர் இருந்திருந்தாலும் நெருப்பில் அழிந்திருந்தது.

"எவனோ ஒருத்தனை முடிச்சு, எரிச்சு, பழைய எலும்போட எலும்பாக் கலந்துட்டுப் போயிருக்கான். ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கலாம். மேடு மொத்தத்தையும் சலிச்சுப் பாக்காம ஒரு பிடி மண்ணு நகரக் கூடாது."

"சார், என் ரோடு..." என்றார் என்ஜினீயர்.

"ரோடு எங்கேயும் ஓடிடாது. கேஸ் முடியட்டும்." இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "மேடம், எரிஞ்ச எலும்பு எது, கரித்துண்டு எதுன்னு பிரிக்கத் தெரிஞ்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தான். எத்தனை மாசம் ஆனாலும் சரி, நீங்களே நிதானமாத் தோண்டிக் கொடுங்க. உத்தரவு நான் வாங்கித் தர்றேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை. பயந்துவிட்டாள் பாவம் என்று நினைத்தார் என்ஜினீயர்.

ஜீப் போய்விட்டது. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவளுடைய தார்ப்பாய்க் கொட்டகை பக்கம் போனார். உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். விசும்பல் கேட்டது. என்ஜினீயரின் கால் வெளியிலேயே நின்றுவிட்டது.

"அழாதேம்மா. அஸ்தி எங்கேன்னு யாராவது கேட்டா, பொண்ணுகிட்ட பத்திரமா இருக்குன்னு மட்டும் சொல்லு. இந்த மேட்டைக் காப்பாத்தச் சொல்லி அப்பா ஆயுசு பூரா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சாரே, ஒருத்தன் காதுல வாங்கினானா? இன்னைக்கு அவரே வந்து தாழியில படுத்தாரு, புல்டோசர் நின்னுடுச்சும்மா!"

என்ஜினீயரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சத்தமில்லாமல் நாலு எட்டு விலகி வந்து எடுத்தார்.

"யாருய்யா அந்தச் செத்தவன்? ஏதாவது துப்புக் கிடைச்சுதா?" என்று கத்தினார் தலைமைப் பொறியாளர்.

"எதுவும் கிடைக்கலை சார்" என்றார் என்ஜினீயர்.